மந்தநிலைக்குப் பின் பார்கோடு, ஆர்எஃப்ஐடி கருவிச் சந்தை: விற்பனையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பார்கோடு ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், கையடக்கக் கணினி, ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் பொருளை அடையாளம் காணும் முறை) ரீடர், அது படிப்பதற்காகப் பொருளில் ஒட்டும் சிப் வைத்த டேக் போன்றவற்றை விற்றுப் பொருத்திப் பராமரித்துத் தரும் நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மந்தநிலையில் போன தேவை, போன வரிசையில் திரும்பி வருவதில்லை. முதலில் லேபிளும், அதில் அச்சிட மை தரும் ரிப்பனும் வரும். அடுத்து பழுதுபார்ப்பும் பழைய கருவிகளுக்கு மாற்றும் வரும். புதிய திட்டங்கள் கடைசியில்தான் வரும். கடைசியில் வரவேண்டியதை முதலில் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிறுவனங்கள்தான் மந்தம் முடிந்த பிறகு தடுமாறுகின்றன.

மந்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. எங்களுக்கு இன்னும் ஆர்டர் வரவில்லையே?

"மந்தம் முடிந்தது" என்றால் சரிவு நின்றது என்றுதான் பொருள். பழைய உயரம் எட்டியாயிற்று என்று பொருளல்ல. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்தது. முடிந்தது என்று அதிகாரப்பூர்வமாக அறிவித்ததே 2010 செப்டம்பரில்தான். அந்த இடைவெளி முழுக்க வாடிக்கையாளர் நிறுவனங்களின் நிதிப் பிரிவு பிடியைத் தளர்த்தவே இல்லை. உங்கள் கருவி முதலீட்டுச் செலவில் வருகிறது. லேபிள் நடப்புச் செலவில் வருகிறது. பூட்டு முதலில் விழுவது முதலீட்டுச் செலவுக்கு. கடைசியில் திறப்பதும் அதற்குத்தான்.

இந்தத் துறையின் பெரிய நிறுவனமான ஜீப்ராவின் கணக்கைப் பாருங்கள். 2008-இல் ஏறக்குறைய 97 கோடி டாலர் விற்பனை. 2009-இல் அது 80 கோடியாக விழுந்தது. 2010-இல் 95 கோடியைத் தாண்டியது. ஓராண்டில் ஆறில் ஒரு பங்கு போய், அடுத்த ஆண்டிலேயே பெரும்பகுதி திரும்பிவிட்டது. சரிவு கொடுமையானதுதான், ஆனால் இது நிரந்தரமாகக் காணாமல் போகும் தேவை அல்ல. சரக்கு நகரும்வரை அதை யாராவது எண்ணித்தான் ஆகவேண்டும்.

மந்த காலத்தில் புதிய தொழில்நுட்பத்தை யாராவது வாங்குவார்களா?

வாங்கியிருக்கிறார்கள். பார்கோடு கடைக்குள் நுழைந்ததே ஒரு மந்தத்தின் நடுவில்தான். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் நகரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்லி சூயிங் கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. அமெரிக்கா அப்போது 1973 நவம்பரில் தொடங்கிய மந்தத்தில் இருந்தது. 1975 மார்ச் வரை அது நீடித்தது. ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டும் ஆள்கூலியும், கவுண்டரில் விலையைத் தட்டெழுதும் நேரமும் மிச்சமாகும் என்பதே கடைக்காரர்களை இழுத்த காரணம்.

அதற்காக உடனே எல்லாக் கடைகளும் வாங்கிவிடவில்லை. ஸ்கேனர் பரவலாகப் பல ஆண்டுகள் பிடித்தன. கூலி மிச்சம் என்ற வாதம் கதவைத் திறந்துவிடும். உள்ளே போய் உட்கார வேறு பல வேலைகள் முடிந்திருக்க வேண்டும்: பொருள்களில் குறியீடு அச்சாகியிருக்க வேண்டும், கடையின் மென்பொருள் தயாராக இருக்க வேண்டும்.

2009, 2020, 2023 ஆகிய மூன்று சரிவுகளும் ஒன்றுதானா?

மூன்றும் வேறுவேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் போடும் திட்டம் எதுவும் நிற்காது.

2009-இல் தேவையே குறைந்தது. சரக்குப் போக்குவரத்து குறைந்தது, கடைகள் மூடின, தொழிற்சாலைகள் ஷிஃப்டைக் குறைத்தன. 2020 வேறு மாதிரி. கடைகள் பூட்டிக் கிடந்தபோது இணைய விற்பனைக் கிடங்குகளும் மருத்துவமனைகளும் கருவி கேட்டு வரிசையில் நின்றன. பிறகு சிப் தட்டுப்பாடு வந்தது. ஸ்கேனர், பிரிண்டர், ரீடர் எல்லாவற்றுக்கும் காத்திருப்புக் காலம் மாதக்கணக்கில் நீண்டது. பயந்துபோன விநியோகஸ்தர்கள் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டார்கள். சில வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்கு இரண்டு இடத்தில் ஆர்டர் வைத்தார்கள்.

அதற்கான பில் 2023-இல் வந்தது. ஜீப்ராவின் விற்பனை 2022-இல் இருந்த 578 கோடி டாலரிலிருந்து 2023-இல் 458 கோடிக்கு இறங்கியது. அந்த ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரம் மந்தத்திலேயே இல்லை. கிடங்குகளில் குவிந்து கிடந்த கருவிகள் கரையும்வரை புதிய ஆர்டர் வரவில்லை, அவ்வளவுதான். 2024-இல் 498 கோடிக்கு ஏறியது. நாட்டுக்கு மந்தம் இல்லாதபோதும் நம் துறைக்கு மட்டும் மந்தம் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் உண்மையான தேவையையும் ஸ்டாக் நிரப்பலையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

உங்களிடமிருந்து டீலருக்குப் போன எண்ணிக்கையை விற்பனை என்று நினைக்காதீர்கள். டீலரிடமிருந்து கடைசி வாடிக்கையாளரின் கைக்குப் போனதுதான் விற்பனை. அதை அறிய எளிய வழி, சீரியல் எண்ணின்படி எத்தனை கருவிகளுக்கு வாரன்டி பதிவாகியிருக்கிறது என்று மாதாமாதம் பார்ப்பது. அனுப்பியது நூறு, பதிவானது நாற்பது என்றால் அறுபது எங்கோ அலமாரியில் இருக்கிறது. அடுத்த இரண்டு காலாண்டுகளில் அது உங்கள் ஆர்டரைத் தின்னும்.

இரண்டாவது அடையாளம் லேபிள். ஒரு கிடங்கு வாங்கும் லேபிள் ரோலின் எண்ணிக்கை அங்கே வெளியேறும் பெட்டிகளின் எண்ணிக்கையை ஒட்டியே நகரும். லேபிளை யாரும் ஆண்டுக்கணக்கில் வாங்கி அடுக்குவதில்லை, பசை காய்ந்துவிடும். ஆகவே ஒரு வாடிக்கையாளரின் லேபிள் வாங்கல் தொடர்ந்து மூன்று மாதம் ஏறினால் அங்கே வேலை உண்மையிலேயே கூடியிருக்கிறது. கருவிக்கான பேச்சைத் தொடங்க அதுதான் நேரம். என்னைக் கேட்டால், சந்தை அறிக்கைகளைப் படிப்பதைவிட உங்கள் சொந்த லேபிள் பில்களை வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்துப் படிப்பது பல மடங்கு பயன் தரும்.

வாடிக்கையாளர் "பழைய கருவியையே இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவோம்" என்கிறார். என்ன சொல்வது?

சரி என்று சொல்லுங்கள். ஓட்ட உதவுங்கள். அந்த ஓராண்டில் உங்கள் ஆள் அங்கே போய்வந்துகொண்டிருந்தால், அடுத்த ஆண்டு கொட்டேஷன் கேட்கப்படுவது உங்களிடம்தான்.

ஓர் உதாரணம். சூட்டால் அச்சிடும் தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றின் பிரிண்ட் ஹெட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுச் சூடேற்றும் புள்ளிகள் உண்டு. 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) என்பது அதுதான். ஒரு புள்ளி செத்தால் லேபிள் நகரும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். பார்கோட்டின் கம்பிகளும் அதே திசையில் அச்சாகிக்கொண்டிருந்தால் அந்த வெள்ளைக் கோடு ஒரு கம்பியின் அகலத்தையே தின்றுவிடும், குறியீடு படிக்காது. லேபிள் வடிவமைப்பை 90 பாகை திருப்பிக் கம்பிகள் குறுக்காக விழும்படி வைத்தால், வெள்ளைக் கோடு எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டு போகும். ஸ்கேனர் அதற்கு மேலேயோ கீழேயோ படித்துக்கொள்ளும். புதிய ஹெட் வாங்கப் பணம் ஒதுக்கப்படும்வரை சில வாரம் இப்படி ஓட்டலாம். இதைச் செலவில்லாமல் செய்துகொடுத்தவரை அந்தக் கிடங்கின் மேற்பார்வையாளர் மறக்கமாட்டார்.

அதே சமயம் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் இதுதான் சரியான காலம். பழைய கருவி என்றால் பேட்டரி, சார்ஜிங் தொட்டில், டிரிகர், திரை எல்லாம் தேய்ந்திருக்கும். உப்பிய பேட்டரியோடு ஒரு கையடக்கக் கருவி ஓடுவதைக் கண்டால் அதை அன்றே மாற்றச் சொல்லுங்கள். அதில் வியாபாரத்தைவிட ஆளின் பாதுகாப்பு முக்கியம்.

மந்தம் எப்படி இருந்தாலும் வாங்கியே ஆகவேண்டிய தேவை ஏதாவது உண்டா?

உண்டு. அடுத்த சில ஆண்டுகளுக்கு நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

பார்கோடு தரநிலைகளை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 முடிவுக்குள் சில்லறைக் கடைகளின் கவுண்டர்கள் க்யூஆர் போன்ற இருபரிமாணக் குறியீடுகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. லேசர் ஸ்கேனர் ஒரே ஒரு கோட்டை இழுத்து அதன் மேல் வரும் கருப்பு வெள்ளையைத்தான் படிக்கும். இருபரிமாணக் குறியீட்டை அது படிக்கவே படிக்காது. மென்பொருளை மாற்றினாலும் பயனில்லை. படம் எடுத்துப் படிக்கும் இமேஜர் வேண்டும். பழைய லேசர் ஸ்கேனர் இன்னும் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கவுண்டரும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு. இது சட்டம் அல்ல, துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கு. அதனால் எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள். பெரிய சங்கிலிக் கடைகள் முன்னால் வரும், சிறியவை இழுத்துக்கொண்டே போகும்.

சட்டம் தள்ளும் தேவைகள் தனி. அமெரிக்காவில் 2013-இல் இயற்றப்பட்ட மருந்து விநியோகச் சங்கிலிப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவர் சீட்டின் பேரில் விற்கும் மருந்துப் பெட்டி ஒவ்வொன்றிலும் தனி வரிசை எண் கொண்ட குறியீட்டைக் கேட்கிறது. ஐரோப்பாவில் 2019 பிப்ரவரி முதல் மருந்துப் பெட்டிகளுக்கு இதுபோன்ற விதி நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்வாகன பேட்டரிகளுக்கும் பெரிய தொழில்துறை பேட்டரிகளுக்கும் 2027 பிப்ரவரி 18 முதல் டிஜிட்டல் பாஸ்போர்ட் (பேட்டரியின் விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவு) தேவை. க்யூஆர் குறியீடு வழியாக அதைத் திறக்க வேண்டும். இந்தச் சந்தைகளுக்கு ஏற்றுமதி செய்கிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் குறியீடு அச்சிட்டு, சரிபார்த்து, பதிந்து அனுப்பித்தான் ஆகவேண்டும். அச்சின் தரத்தை அளக்கும் வெரிஃபையர் கருவியை இங்கே பலர் விற்க மறந்துவிடுகிறார்கள்.

கடிகாரம் இன்னொன்றும் ஓடுகிறது: இயங்குதளத்தின் ஆயுள். விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றபோது கிடங்குக் கருவிகள் பெருவாரியாக ஆண்ட்ராய்டுக்கு நகர்ந்தன. இப்போது முதல் தலைமுறை ஆண்ட்ராய்டு கருவிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுகொண்டிருக்கிறது. வாடிக்கையாளரிடம் எந்த மாடல் எத்தனை இருக்கிறது, எதற்கு எப்போது புதுப்பிப்பு நிற்கும் என்ற பட்டியல் உங்கள் கையில் இருந்தால், அவருடைய கணினிப் பிரிவே உங்களுக்காகப் பேசும்.

பார்கோடா, ஆர்எஃப்ஐடியா? எதில் பணம் போடுவது?

பார்கோடு உங்கள் சோறு. ஆர்எஃப்ஐடி உங்கள் வளர்ச்சி. சோற்றை விட்டுவிட்டு வளர்ச்சியைத் துரத்தாதீர்கள்.

ஆர்எஃப்ஐடியின் வரலாற்றில் ஒரு கசப்பான அத்தியாயம் உண்டு. 2001 மந்தம் முடிந்து சந்தை எழுந்துகொண்டிருந்த 2003 ஜூனில், தன் முதல் 100 சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் அட்டைப்பெட்டிகளிலும், பெட்டிகளை அடுக்கி நகர்த்தும் பேலட்டுகளிலும் டேக் ஒட்ட வேண்டும் என்று வால்மார்ட் அறிவித்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் இதேபோல் கேட்டது. ரீடர் தயாரிப்பாளர்களும் டேக் தயாரிப்பாளர்களும் பெரும் பணத்தைக் கொட்டினார்கள். எதிர்பார்த்த வெள்ளம் வரவில்லை. செலவு சப்ளையருக்கு, பலன் கடைக்காரருக்கு என்ற அமைப்பில் சப்ளையர்கள் கடைசி நிமிடத்தில் டேக்கை ஒட்டி அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டார்கள். தங்கள் கிடங்கில் அதைப் பயன்படுத்தவில்லை. டேக்கும் ரீடரும் பேசிக்கொள்ளும் முறையை வகுத்த ஜென் 2 தரநிலையே 2004 டிசம்பரில்தான் உறுதியானது. தண்ணீர் உள்ள பொருளும் உலோகப் பொருளும் அலையைக் கெடுத்தன.

2009-க்குப் பிறகு அதே தொழில்நுட்பம் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது: ஆடை. 2010-இல் வால்மார்ட் ஜீன்ஸிலும் உள்ளாடைகளிலும் ஒவ்வோர் உருப்படிக்கும் டேக் கேட்டது. 2014-இல் ஜாராவின் தாய் நிறுவனமான இண்டிடெக்ஸ் தன் கடைகளில் இதை விரிவாக்குவதாக அறிவித்தது. துணி அலையைத் தடுக்காது. ஒரே சட்டைக்கு ஆறு அளவு, நாலு நிறம் என்று உருப்படி பெருகுவதால் எது கடையில் இருக்கிறது என்றே தெரியாத சிக்கல் அங்கே பெரிது. கையில் ரீடரை வைத்துக்கொண்டு நடந்தால் ஆயிரக்கணக்கான துணிகளைச் சில நிமிடத்தில் எண்ணிவிடலாம். முக்கியமாக, செலவழித்தவருக்கே பலன் கிடைத்தது. 2022-இல் வால்மார்ட் இதை வீட்டுப் பொருள், பொம்மை, விளையாட்டுப் பொருள் என்று விரிவுபடுத்தியது.

ஒரு திட்டத்தை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: டேக்குக்குப் பணம் கொடுப்பவரும் அதனால் லாபம் அடைபவரும் ஒருவரேதானா? இல்லையென்றால், மேலிருந்து எவ்வளவு பெரிய ஆணை வந்தாலும் அந்தத் திட்டத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

டேக் விலை வெகுவாகக் குறைந்துவிட்டதே, இனி அதில் என்ன லாபம்?

டேக்கில் லாபம் தேடினால் கிடைக்காது. பெரிய அளவில் வாங்கினால் ஒரு டேக் சில சென்ட் மட்டுமே. உலகில் ஆண்டுக்கு நாலாயிரம் கோடிக்கும் மேற்பட்ட யுஹெச்எஃப் (இந்த டேக்குகள் இயங்கும் ரேடியோ அலைவரிசை) டேக் சிப்கள் விற்கின்றன. அந்த விலைப் போட்டியில் சிறிய விற்பனையாளர் நுழைய வேண்டியதே இல்லை.

லாபம் பொருத்துவதில் இருக்கிறது. கிடங்கு வாசலில் இரண்டு பக்கமும் ஆன்டெனா நிறுத்தி ஒரு பேலட்டைக் கொண்டுபோனால் டேக் படிக்கும். அதோடு பக்கத்து வாசலில் நிற்கும் பேலட்டும் படிக்கும், பின்னால் சும்மா அடுக்கிவைத்த சரக்கும் படிக்கும். போகாத சரக்கு போனதாகக் கணினியில் ஏறும். இதைச் சரிசெய்ய ரீடரின் சக்தியைக் குறைப்பார்கள். குறைத்தால் பேலட்டின் நடுவில் இருக்கும் பெட்டி படிக்காது. பிறகு ஆன்டெனாவின் கோணத்தை மாற்றி, இரண்டு வாசலுக்கும் நடுவே உலோகத் தடுப்பு வைத்து, ஃபோர்க்லிஃப்ட் குறுக்கிடும்போது மட்டும் ரீடர் விழிக்கும்படி சென்சார் சேர்த்து, சிக்னலின் வலிமை ஏறி இறங்கும் விதத்தை வைத்து எது நகர்ந்தது, எது நின்றது என்று மென்பொருளில் வடிகட்ட வேண்டும். ஒரு வாசலுக்கு இந்த வேலை இரண்டு மூன்று நாள் எடுக்கும். இதைத் தெரிந்த ஆள் குறைவு. நீங்கள் விற்க வேண்டியது அந்த அறிவை.

செல்போன் கேமராவே ஸ்கேன் செய்கிறது. எங்கள் கருவியை யார் வாங்குவார்?

நாளைக்கு ஐம்பது ஸ்கேன் செய்பவர் வாங்கமாட்டார், வாங்கவும் வேண்டாம். ஷிஃப்டுக்கு ஆயிரம் ஸ்கேன் செய்பவர் வாங்குவார். கேமரா குறி பார்க்க எடுக்கும் ஒரு நொடி ஆயிரம் முறை சேர்ந்தால் கால் மணி நேரத்துக்கு மேல். கையுறையோடு டிரிகரை அழுத்துவது, உயரமான ரேக்கில் இருப்பதைத் தரையில் நின்று படிப்பது, வேலை நிற்காமல் பேட்டரி மாற்றுவது, மருத்துவமனையில் கிருமிநாசினியால் துடைப்பது எல்லாம் போனுக்கு ஒத்துவராது. மந்தத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கும் சிறு நிறுவனங்கள் போனில்தான் ஆரம்பிக்கும். அவர்களுக்கு லேபிளும் மென்பொருளும் விற்றுத் தொடர்பில் இருங்கள்.

பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கிக்கொண்டே போகின்றன. எங்களுக்கு என்ன ஆகும்?

இந்தத் துறையில் இது வழக்கம். மோட்டரோலா 2007-இல் ஸ்கேனர் தயாரிப்பாளரான சிம்பல் நிறுவனத்தை வாங்கியது. ஹனிவெல் 2007-இல் ஹேண்ட் ஹெல்ட் ப்ராடக்ட்ஸ், 2008-இல் மெட்ரோலாஜிக், 2013-இல் இன்டர்மெக் என்று வரிசையாக வாங்கியது. மோட்டரோலாவின் அந்தப் பிரிவை 2014-இல் ஜீப்ரா 345 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. டேக் பக்கம், 2020-இல் ஸ்மார்ட்ராக்கின் டேக் பிரிவு ஏவெரி டெனிசன் கைக்குப் போனது.

ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான்: ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மாடல்களில் ஒன்று நிறுத்தப்படும், டீலர் ஒப்பந்தங்கள் திருத்தப்படும், சிறிய டீலர்களின் தள்ளுபடி குறையும். ஒரே பிராண்டை மட்டும் நம்பியிருந்தால் அடி பலமாக விழும். அதே நேரம், நிறுத்தப்பட்ட மாடலை நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு உதிரிபாகமும் மாற்றுத் திட்டமும் தேவைப்படும். தயாரிப்பாளர் அவரைத் தேடிப் போகமாட்டார். நீங்கள் போங்கள்.

வாடகைக்கோ மாதச் சந்தாவுக்கோ கொடுக்கலாமா?

வாடிக்கையாளர் விரும்புவார், காரணம் அது அவருக்கு நடப்புச் செலவாகிவிடும். ஆனால் கருவிக்கு நீங்கள் இன்று முழுப்பணம் கட்டுகிறீர்கள், அவர் மூன்று ஆண்டில் சிறுகச் சிறுகத் தருகிறார். இடையில் அவர் மூடிவிட்டால் பழைய கருவி மட்டுமே உங்களுக்கு மிஞ்சும். வட்டி குறையாத காலத்தில் இதைச் சொந்தப் பணத்தில் செய்யாதீர்கள். நிதி நிறுவனத்தை நடுவில் வைத்து, கருவிக்கான தொகையை அவர்களிடமிருந்து உடனே வாங்கிக்கொண்டு, பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நீங்கள் மாதாமாதம் பெறுங்கள்.

விலையைக் குறைத்தால் சந்தையைப் பிடிக்கலாமா?

கருவியில் வேண்டாம். குறைத்த விலையை மறுபடி ஏற்றவே முடியாது.

எவ்வளவு ஸ்டாக் வைப்பது?

உதிரிபாகமும் லேபிளும் தாராளமாக, கருவி குறைவாக. ரிப்பன் இல்லாமல் சூட்டாலேயே அச்சாகும் டைரக்ட் தெர்மல் லேபிள் சூட்டிலும் வெளிச்சத்திலும் கருத்துப்போகும், ஆகவே லேபிளிலும் முதலில் வந்ததை முதலில் அனுப்புங்கள். கருவிப் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஓராண்டு அலமாரியில் கிடந்ததைப் புதுசு என்று கொடுத்தால் முதல் வாரத்திலேயே புகார் வரும்.

செலவைக் குறைக்க ஆட்களைக் குறைக்கலாமா?

அலுவலக வாடகையைக் குறையுங்கள், கண்காட்சிச் செலவைக் குறையுங்கள். களத்துக்குப் போய்க் கருவி பொருத்தும் இன்ஜினியரை மட்டும் கடைசிவரை விடாதீர்கள். எந்த வாடிக்கையாளரின் எந்த வாசலில் எந்த ஆன்டெனா எப்படித் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது, எந்த பிரிண்டருக்கு எந்த ரிப்பன் பொருந்துகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் தலையில்தான் இருக்கிறது. சந்தை எழும்போது உங்கள் போட்டியாளர் முதலில் தேடுவதும் அவரைத்தான். அவருக்கு முழு வேலை இல்லாத மாதங்களில் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் அனுப்பி, அங்கே இருக்கும் கருவிகளின் மாடல், வயது, இயங்குதளம், பழுது எல்லாவற்றையும் எழுதிவரச் சொல்லுங்கள். லேசரை இமேஜராக மாற்றவேண்டிய கவுண்டர் எது, புதுப்பிப்பு நின்றுபோன கருவி எது என்று அந்தக் கணக்கிலிருந்தே அடுத்த இரண்டாண்டு விற்பனைத் திட்டத்தைப் போடலாம்.